கொடையும் கொள்வோரும்: மண்ணின் மூச்சை முன்வைத்து ஓர் அறவிசாரணை

ஒரு செயல் நல்லதா என்பதை அதன் விளைவின் அளவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கலாமா, அல்லது அந்த விளைவு எந்த வழியில், எதை இழந்து உண்டாயிற்று என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டுமா என்ற கேள்வி அறவியலில் மிகப் பழையது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் செயல்களை வைத்தே பெரும்பாலும் எழுப்பப்பட்டுவந்த இக்கேள்வி, அண்மைக்கால மண்ணியல் ஆய்வுகளின் வழியே புதியதொரு களத்துக்கு வந்திருக்கிறது. காட்டு மண்ணில் நைட்ரஜன் மிகும்போது, அம்மண் வெளிவிடும் கரியமில வாயு பல இடங்களில் குறைகிறது; உலகம் சூடேறிவரும் காலத்தில் இக்குறைவு முதற்பார்வைக்கு வரவேற்கத்தக்க நன்மையாகவே தோன்றும். ஆனால் அது மண்ணின் உயிர்கள் நலிவதால் உண்டாகும் குறைவு என்று தெரியவரும்போது, அதை நன்மை என்று சொல்ல மனம் தயங்குகிறது. இத்தயக்கம் வெறும் உணர்ச்சியா, அதற்குத் தக்க காரணம் உண்டா என்பதே இங்கே ஆராயப்படுவது.

மண் சுவாசம் என்று மண்ணியலாளர் குறிப்பது, நிலத்தின் மேற்பரப்பிலிருந்து இடைவிடாமல் வெளியேறும் கரியமில வாயுவை. இதில் இரண்டு ஓட்டங்கள் கலந்துள்ளன: உயிருள்ள வேர்கள் தம் வளர்ச்சிக்காகச் சர்க்கரையைச் செலவிடுவதால் வெளிவருவது ஒன்று, உதிர்ந்த சருகையும் மடிந்த வேரையும் இறந்த உடல்களையும் பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், மண்வாழ் சிற்றுயிர்கள் ஆகியவை உண்டு செரிப்பதால் வெளிவருவது மற்றொன்று. உலக நிலப்பரப்பு முழுவதும் ஓர் ஆண்டில் இவ்வாறு வெளிவிடும் கரிமம், நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் இயற்கை எரிவாயுவையும் எரித்து மனிதர் வெளிவிடுவதைப் போல ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு என்று மதிப்பிடப்படுகிறது. இவ்வளவு பெரிய ஓட்டம் வளிமண்டலத்தை நிறைத்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின் வழியே அந்தக் கரிமத்தை மீண்டும் எடுத்துக்கொள்வதுதான். மண்ணின் மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் மட்டும் வளிமண்டலத்தில் உள்ளதைவிட மிகுதியான கரிமம் தேங்கியிருப்பதால், இந்த மூச்சில் நேரும் சிறு மாற்றமும் உலகத்தின் கரிமக் கணக்கைப் பாதிக்கக்கூடியது.

நைட்ரஜன் வளிமண்டலத்தில் 78 விழுக்காடு இருந்தும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் பெரும்பாலான உயிர்களுக்கு அது எட்டாத செல்வமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. மின்னலும், பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும், இன்னும் சில நுண்ணுயிரிகளுமே அந்தப் பிணைப்பை உடைத்து, தாவரங்கள் ஏற்கும் வடிவில் அதை மண்ணுக்குத் தந்தன. 1909-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃப்ரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியாவை உருவாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்க, 1913-இல் ஓப்பாவ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இவ்வழியில் கிடைக்கும் தழைச்சத்தை நம்பியிருக்கிறது. வயலுக்கு இட்டதில் பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதியும், கால்நடைக் கழிவுகளிலிருந்து எழும் அம்மோனியாவும், வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் கலந்து, மழையோடும் தூசியோடும் காடுகள்மீதும் புல்வெளிகள்மீதும் இறங்குகின்றன. உரத்தைக் கேட்காத நிலங்களும் இவ்வாறு உரம் பெறுகின்றன.

அவ்வாறு பெறும் காட்டுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹார்வர்டு காட்டில் 1988-இல் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கப்பட்டது. செம்பைன் தோப்பு ஒன்றிலும், ஓக் முதலிய அகலிலை மரங்கள் கலந்து வளர்ந்த காடு ஒன்றிலும் பாத்திகள் பிரிக்கப்பட்டன. சில பாத்திகள் இயல்பாக விடப்பட, சிலவற்றுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 கிலோவும் சிலவற்றுக்கு 150 கிலோவும் நைட்ரஜன், அம்மோனியம் நைட்ரேட் வடிவில், வளர்பருவத்தில் பல தவணைகளாக இடப்பட்டது. மண்ணில் பதித்த வளையத்தின் மீது மூடியைப் பொருத்தி, உள்ளே கரியமில வாயு எவ்வளவு விரைவாகச் சேருகிறது என்று பார்த்தே இத்தகைய ஆய்வுகளில் சுவாசம் அளக்கப்படுகிறது. தொடக்கத்தில் அகலிலைக் காட்டின் மண் கூடுதலாகச் சுவாசித்தது. பசித்த உயிர்களுக்கு உணவு கிடைத்ததன் இயல்பான விளைவு அது. ஆண்டுகள் செல்லச் செல்ல இப்போக்கு தலைகீழாக மாறி, பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குப் பின்னர் உரமிட்ட பாத்திகளின் மூச்சு இயல்பான பாத்திகளின் மூச்சைவிடத் தெளிவாகக் குறைந்தது. மண்ணில் கரிமம் கூடிற்று. பூஞ்சைகளின் மொத்த எடை குறைந்தது. மிகுதியாக உரம் பெற்ற பைன் பாத்திகளில் மரங்கள் பல மடிந்தன.

இம்மாற்றத்துக்கான காரணங்கள் பல அடுக்குகளாக அமைந்தவை. சத்து அரிதாக இருக்கும் நிலத்தில் மரம் தான் உண்டாக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை வேர்ப்பூஞ்சைகளுக்குக் கொடுக்கிறது. அவை நுண்ணிய இழைகளைத் தொலைவுக்குப் பரப்பி, மரத்துக்கு வேண்டிய சத்தைத் தேடிக் கொணர்கின்றன. நைட்ரஜன் மேலிருந்தே பொழியும்போது இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத் தேவை குறைந்து, மரம் வேர்வழியே அனுப்பும் கரிமமும் அதை நம்பி வாழும் பூஞ்சைகளும் குறைகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற கடினமான பொருளைச் சிதைக்கும் நொதிகளின் செயலும், நைட்ரஜன் மிகுந்த சூழலில் பெரும்பாலும் தளர்ந்துபோகிறது. எளிதில் மக்கும் இலைகள் விரைவாக மக்க, கடினமான சருகு மக்காமல் தேங்குகிறது. இவற்றுக்கு மேல், மண்ணில் உள்ள அம்மோனியம், நைட்ரேட்டாக மாறும்போது மண்ணின் அமிலத்தன்மை ஏறுகிறது. கால்சியம், மக்னீசியம் போன்றவை கழுவிச் செல்லப்படுகின்றன. அமிலம் கூடிய மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்களைத் தாக்குகிறது. ஆகவே மண்ணின் மூச்சு குறைவது அங்குள்ள உயிர்கள் சிக்கனமாக வாழக் கற்றதால் அன்று. அவற்றின் உறவுகள் அறுபட்டதால்.

இந்த விளைவு எங்கும் ஒன்றுபோல் இல்லை என்பதே இப்பொருளில் மிகவும் சிந்திக்கத்தக்கது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் தொடர்ந்து நடந்துவரும் புல்வெளி ஆய்வில், உரமே பெறாத பாத்திகளில் முப்பதுக்கு மேற்பட்ட தாவர இனங்கள் கலந்து வாழ, சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுதோறும் மிகுதியாகப் பெற்ற பாத்திகளில் ஓரிரு புல்லினங்களே எஞ்சின. கடும் அமிலமேறிய அந்நிலத்தில் மடிந்த புல் மக்காமல், தரையின் மேல் பாய்போலப் படிந்துகிடக்கிறது. தென்சீனாவின் டிங்ஹூஷானில் முதிர்ந்த காட்டின் மண், மிகுதியான நைட்ரஜனைப் பெற்றபோது தன் சுவாசத்தைக் குறைத்துக்கொண்டது. சத்துக் குறைந்த புல்வெளிகளிலும் விளைநிலங்களிலும் இதற்கு மாறாக, வேரும் பயிரும் பெருகுவதால் மண் சுவாசம் உயர்வதே பெரும்பான்மை. ஐரோப்பாவின் கரிச்சேற்று நிலங்களிலோ விளைவு வேறொரு திசையில் செல்கிறது: மழைநீரின் அற்பச் சத்தைக் கொண்டே வாழப் பழகிய பாசிகளின் இயல்பு நைட்ரஜன் மிகுதியால் மாறி, மக்குதலைத் தடுத்துவந்த பொருள்கள் அவற்றில் குறைந்து, பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரிமம் வெளியேற வழி திறக்கிறது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொடுக்கப்படும் பொருள் எங்கும் ஒன்றே. பெறும் நிலத்தின் நிலைமை வேறு என்பதால் ஓரிடத்தில் அது உணவாகவும், ஓரிடத்தில் மூச்சுத் திணறலாகவும், ஓரிடத்தில் சேமிப்பைக் கரைக்கும் வெள்ளமாகவும் ஆகிறது.

இனி அறவியல் கேள்விக்கு வரலாம். விளைவுகளின் கூட்டுத்தொகையே நன்மை தீமைகளை முடிவுசெய்யும் என்று கருதுவோர், காட்டு மண்ணில் கரிமம் தேங்குவதைத் தயக்கமின்றி வரவில் எழுதுவர். அவர்களுடைய அளவுகோலை ஏற்றுக்கொண்டு பார்த்தாலும் அந்தக் கணக்கு நிறைவானதன்று. மண்ணில் மிகும் நைட்ரஜனின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகள் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாற்றுகின்றன. அது நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பதோடு, ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. இடப்பட்ட நைட்ரஜனில் 1 விழுக்காடு இவ்வாறு நேரடியாக வெளியேறும் என்ற பொதுக் கணக்கை எடுத்துக்கொண்டால், 100 கிலோ நைட்ரஜனிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகிறது. அம்மோனியா ஆலையில் எரிவாயு செலவானபோதே வெளிவந்த கரிமமும், யூரியா மண்ணில் கரையும்போது வெளிவிடும் கரிமமும், நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட்டும் இதற்கு மேல் சேரவேண்டியவை.

ஆனால் கணக்கின் குறைபாட்டைக் காட்டுவதோடு அறவிசாரணை முடிந்துவிடாது. எல்லாப் பதிவுகளையும் சேர்த்த பின்னரும் ஏதோ ஒரு காட்டில் வரவே மிஞ்சுகிறது என்று கொண்டாலும், அந்த வரவு நன்மையாகுமா என்ற கேள்வி எஞ்சவே செய்யும். இங்கேதான் அடக்கத்துக்கும் அடைபடுதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உண்ண உணவிருந்தும் நோன்பிருப்பவரும், உணவு தொண்டையில் இறங்காத நோயாளியும் ஒரே அளவு உண்ணக்கூடும். அளவு ஒன்று என்பதற்காக நோயைத் தவம் என்று எவரும் போற்றுவதில்லை. புதைபடிவ எரிபொருளை எரிப்பதில் மனிதர் தம்மைக் குறைத்துக்கொள்வது அடக்கம்; மனிதர் வெளிவிட்ட நைட்ரஜனால் காட்டின் பூஞ்சைகள் செயலிழப்பது அடைபடுதல். முன்னது செய்தவர் ஏற்கும் பொறுப்பு. பின்னது, செய்தவரின் சுமையைச் செய்யாதவற்றின் மேல் ஏற்றிவிட்டு, அதனால் தமக்கு நேர்ந்த ஆதாயத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பது.

கரியமில வாயுவின் மூலக்கூறு எங்கிருந்து வந்தாலும் ஒன்றே என்பது வேதியியல் உண்மை. ஆனால் வெளிவிடுதல் என்ற செயல் எங்கும் ஒன்றே என்பது அதிலிருந்து பெறப்படாது. மண் வெளிவிடுவது பெரும்பாலும் அண்மையில் காற்றிலிருந்து பெற்றதைத் திருப்பித் தருவது. அந்தத் திரும்புதலோடுதான் சருகில் கட்டுண்டிருந்த சத்துகள் விடுபட்டு அடுத்த தலைமுறைக்கு உணவாகின்றன. தைத்திரீய உபநிடதம் உயிர்கள் உணவிலிருந்து தோன்றி, உணவால் வாழ்ந்து, உணவுக்கே மீள்வதாகக் கூறி, உண்பதையும் உண்ணப்படுவதையும் ஒரே வட்டத்தில் வைக்கிறது. அழுகுவதும் மக்குவதும் இந்நோக்கில் வாழ்வின் தோல்விகள் அல்ல; ஒருவர் உடலாக இருந்தது மற்றொருவர் உடலாக ஆவதற்கான ஒரே வழி. மக்காமல் தேங்கிய சருகை வெற்றிகரமான சேமிப்பு என்று மட்டும் காண்பவர், கொடுத்துக் கொடுத்தே நிலைபெறும் ஓர் ஒழுங்கை, வைத்துப் பூட்டும் பெட்டகத்தின் அளவுகோலால் அளக்கிறார்.

இவ்விடத்தில் கொடை பற்றிய இந்திய சிந்தனை நேரடியாகத் துணைசெய்கிறது. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் கொடையை மூவகையாகப் பிரித்து, கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்க பாத்திரத்துக்கு, அதாவது பெறத் தகுதியுள்ளவருக்குக் கொடுப்பதைச் சாத்துவிகம் என்றும், இடமும் காலமும் பாத்திரமும் பாராமல் மதிப்பின்றிக் கொடுப்பதைத் தாமசம் என்றும் வகுக்கிறது. கொடுக்கப்பட்ட பொருள் நல்லது என்பதும் அது மிகுதியானது என்பதும் கொடையை நல்லதாக்கப் போதா. பெறுபவரை அறியாத கொடை இருளின் கொடை என்பதே இந்தப் பகுப்பின் சாரம். உர மேலாண்மை பற்றி இன்றைய வேளாண் அறிவியல் உலகெங்கும் கூறும் நான்கு விதிகள், தக்க உரம், தக்க அளவு, தக்க காலம், தக்க இடம் என்பவை. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களுடன் எழுந்த இவ்விரு சிந்தனைகளும் இவ்வளவு நெருங்கிவருவது வியப்புக்குரியதன்று. கொடுத்தல் என்ற செயலுக்கு உள்ள இயல்பான நெறியை இரண்டும் கண்டறிந்திருக்கின்றன.

மண்ணை ‘பெறுபவர்’ என்று சொல்வது வெறும் உருவகம், உணர்வில்லாத ஒன்றுக்கு நன்மையோ தீமையோ எப்படி நேரும் என்று ஒருவர் வினவலாம். சமண மரபு இவ்வினாவுக்குத் தன் வழியில் விடையளித்திருக்கிறது: மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டென்றும், அவற்றுக்கும் தீங்கு இழைக்கலாகாது என்றும் அது கருதுகிறது. அக்கொள்கையை ஏற்காதவருக்கும் வேறொரு வழி திறந்திருக்கிறது. 1949-இல் வெளியான சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் நூல், மண், நீர், தாவரம், விலங்கு ஆகிய அனைத்தும் சேர்ந்த சமுதாயத்தின் உறுப்பினராக மனிதரைக் கண்டு, அச்சமுதாயத்தின் முழுமையையும் நிலைபேற்றையும் காப்பதை அறத்தின் அளவாக முன்வைத்தது. வலியை உணராத ஒன்றும் செழிக்கலாம், நலியலாம். முப்பது இனங்கள் வாழ்ந்த புல்வெளி ஓரிரு இனங்களாகச் சுருங்கியதை நலிவு என்று சொல்ல, அப்புல்வெளிக்கு மனம் உண்டு என்று நிறுவ வேண்டிய தேவை இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு பசியின் பக்கமிருந்து வருகிறது. பாதி மனிதகுலம் உண்ணும் உணவைத் தரும் பொருளை மண்ணின் நலத்துக்காகக் குறைக்கச் சொல்வது, நிறைவாக உண்டவர் பேசும் அறமாகிவிடாதா? சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் உழவர்கள் அறுவடையோடு எடுத்துச் செல்லும் சத்தில் சிறு பங்கைக்கூட மண்ணுக்குத் திருப்பித் தர வசதியின்றி இருக்கிறார்கள். அங்கே நைட்ரஜனைத் தருவது மண்ணுக்கும் மனிதருக்கும் ஒருங்கே செய்யும் நன்மை. இம்மறுப்பு முழு மதிப்புக்குரியது. ஆனால் அது எதிர்ப்பது தழைச்சத்தை விலக்கச் சொல்லும் வாதத்தையே தவிர, பெறுபவரை அறிந்து கொடுக்கச் சொல்லும் வாதத்தை அன்று. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலில் நடுநிலை பற்றி விளக்கும்போது உணவின் அளவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார்: பத்துப் பங்கு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்றால், ஆறு பங்குதான் எல்லார்க்கும் நடுவளவு என்று பயிற்சியாளர் விதித்துவிட மாட்டார், மல்லன் மைலோவுக்கு அது போதாது, பயிற்சி தொடங்குபவருக்கு அது மிகை. நடுவளவு எண்ணில் இல்லை, ஏற்பவரின் நிலையில் இருக்கிறது என்ற இந்தத் தெளிவு, ஆப்பிரிக்க வயலுக்கும் முதிர்ந்த காட்டுக்கும் ஒரே விதியைச் சொல்லும் மயக்கத்தை நீக்குகிறது.

ஏற்பவரின் நிலையை அறிவது நடைமுறைக்கு எட்டாத இலட்சியம் அன்று என்பதற்கு, தமிழ்நாட்டு நெல் வயல்களிலும் பரிந்துரைக்கப்பட்டுவரும் இலை வண்ண அட்டை ஒரு சான்று. வெளிர் பச்சையில் தொடங்கி அடர்பச்சை வரை படிநிலைகளாக நிறம் தீட்டிய ஒரு சிறு பட்டையை, நெற்பயிரின் முழுதாக விரிந்த இளம் இலையோடு, வெயில் படாமல் தம் உடல் நிழலில் மறைத்து வைத்து உழவர் ஒப்பிடுகிறார். பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ குறிப்பிட்ட நிறத்தைவிட வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இடுகிறார். நாள்காட்டி சொல்வதற்காகவோ மூட்டை தீரவேண்டும் என்பதற்காகவோ இடாமல், இலையைக் கேட்டு இடும் இந்தச் செயலில் இடம், காலம், பாத்திரம் என்ற கொடையின் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. வயல் தேவைப்பட்டதை மட்டும் பெறும்போது, காற்றில் எழுந்து தொலைக் காடுகளில் இறங்கும் மிச்சமும் குறைகிறது.

அந்த மிச்சத்தைப் பற்றிய பொறுப்புதான் கடினமானது, ஏனென்றால் அதைக் காட்டுக்குத் தந்தவர் என்று சுட்டத்தக்க ஒருவர் இல்லை. வண்டி ஓட்டியவரும், மாட்டுப் பண்ணை நடத்தியவரும், மின்விளக்கு ஏற்றியவரும் எந்தக் காட்டையும் எண்ணிச் செய்யவில்லை. எண்ணாமல் செய்ததற்குப் பழியில்லை என்ற பழைய நெறி, செயலும் விளைவும் ஒருவர் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருந்த காலத்துக்கு உரியது. 1979-இல் வெளியான தம் நூலில் மெய்யியலாளர் ஹான்ஸ் ஜோனாஸ், தொழில்நுட்பத்தால் மனித ஆற்றல் தொலைவிடங்களையும் வருங்காலத்தையும் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்ட பின்னர், விளைவுகளை முன்னறிய முயல்வதே ஒரு கடமையாகிவிடுகிறது என்று வாதிட்டார். ஹார்வர்டு காட்டிலும் ரோத்தம்ஸ்டெட்டிலும் பல பத்தாண்டுகள் பொறுமையாக அளந்தவர்கள் அந்தக் கடமையின் முதற்பகுதியை நிறைவேற்றியிருக்கிறார்கள். விளைவு தெரிந்த பின்னும் தொடரும் பொழிவை இனி எண்ணாமல் செய்தது என்று கூற இயலாது.

தொடக்கத்தில் குறித்த தயக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு என்பதே இவ்வளவிலிருந்தும் பெறப்படும் முடிவு. வளிமண்டலத்தில் சேரும் கரிமத்தின் அளவு இன்றைய மனிதகுலம் கட்டாயம் கவனிக்க வேண்டிய எண். ஆயினும் ஒரு நிலத்தின் நலத்தை அந்த ஓர் எண்ணால் அறிய முடியாது. மண்ணின் மூச்சு உயர்வதைத் தீமை என்றும் தாழ்வதை நன்மை என்றும் எழுதும் எந்தக் கணக்கும், அது ஏன் உயர்ந்தது, ஏன் தாழ்ந்தது என்று கேட்கும் வரை அறத்தின் கணக்கு ஆகாது. உரமிழந்த மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுப்பதும், நிறைந்த காட்டின் மேல் அது பொழியாமல் வாகனப் புகையிலும் பண்ணைக் கழிவிலும் வயலின் மிகையிலும் தடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணான இரு கொள்கைகள் அல்ல. பெறுபவரை அறிந்து கொடுத்தல் என்ற ஒரே கடமையின் இரு பக்கங்கள். மனிதர் தம் நுகர்வைக் குறைத்து ஈட்ட வேண்டிய கரிமக் குறைவைக் காட்டு மண்ணின் நலிவிலிருந்து வரவு வைத்துக்கொள்வது, எந்தக் காலநிலைக் கொள்கையின் பெயரால் செய்யப்பட்டாலும் நீதியாகாது.